மழை, இ-பாஸ், ஊரடங்கு: நீலகிரி விடுதி ஊழியர் நலன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே, ஹோட்டல் நடத்துபவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில் எழுதுபவன் முதலில் ரிசப்ஷனில் நின்று, பிறகு மேனேஜராக இருந்தவன். அதனால் சில பதில்கள் முதலாளிகளுக்குப் பிடிக்காது, ஒன்றிரண்டு ஊழியர்களுக்கும் பிடிக்காது.

நெருக்கடி என்பது கொரோனா மாதிரி எப்போதோ ஒருமுறை வருவதுதானே? அதற்கு இப்போதே ஏன் மெனக்கெட வேண்டும்?

எப்போதோ ஒருமுறையா? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 2009 நவம்பர் மழையில் கேத்தி, குன்னூர் பக்கம் மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 ஆகஸ்டில் யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, மசினகுடி, பொக்காபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளுக்குச் சீல் விழுந்தது. அடுத்த ஆண்டு அதே ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. 2020, 2021 இரண்டு கோடைச் சீசனையும் ஊரடங்கு விழுங்கியது. மலர்க் கண்காட்சியே நடக்கவில்லை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் மலை ஏற ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸ். அதே ஆண்டு ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. ஊட்டியில் அப்படி எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் டிவியைப் பார்த்தவர்கள் போன் போட்டு ரூமைக் கேன்சல் செய்தார்கள். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது.

இதில் ஒன்று ரோட்டை அடைக்கிறது, ஒன்று விருந்தாளியை நிறுத்துகிறது, ஒன்று கட்டடத்தையே பூட்டுகிறது. கிச்சனில் பாத்திரம் கழுவுபவருக்கு எல்லாமே ஒன்றுதான்: இந்த மாதம் சம்பளம் வருமா?

மழையைப் பொறுத்தவரை நாள்காட்டியே பாதியைச் சொல்லிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்தைப் பார்க்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைப் பார்க்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் விழுவதும் கல்லாறுக்கு மேலே மலை ரயில் நிற்பதும் அப்போதுதான். தெரிந்தே வருகிற ஒன்றுக்குத் தயாராக இல்லாமல் இருந்துவிட்டு, “எதிர்பாராத சூழ்நிலை காரணமாக” என்று ஸ்டாஃப் குரூப்பில் மெசேஜ் போடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஊழியர்களுக்கு மனத்திடம் வர ஒரு பேச்சாளரைக் கூப்பிடலாம் என்று நினைக்கிறோம். யோகா வகுப்பும் சொல்கிறார்கள். பலன் இருக்குமா?

சம்பளம் தேதி தவறாமல் வருகிற இடத்தில் இருக்கலாம். மற்ற இடத்தில் அந்த ஒரு மணி நேரத்தைத் தூங்கக் கொடுங்கள்.

வேலையால் ஆள் தேய்ந்துபோகும் ‘பர்ன்அவுட்’ நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் வரையறுத்தது. அதாவது, கோளாறைத் தேட வேண்டிய முதல் இடம் ஆளின் மனசு இல்லை, டூட்டி சார்ட். நான் பார்த்தவரை, மழைக்கால நெருக்கடியில் தாக்குப்பிடித்த ஊழியர்கள் மற்றவர்களைவிட இரும்பு மனசுக்காரர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் வேலை பார்த்த இடத்தில் தூக்கம் இருந்தது, காய்ந்த போர்வை இருந்தது, சம்பளம் பற்றித் தெளிவான ஒரு பதில் இருந்தது. இதெல்லாம் மழை வந்தபின் செய்ய முடிகிற காரியமும் இல்லை. மே மாதம் கல்லாவில் பணம் இருக்கும்போது எடுக்கிற முடிவு நவம்பரில் ஊழியரின் “மனத்திடமாக” வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. மாற்று ஆள் மேலே வர முடியவில்லை. ரூமில் விருந்தாளிகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிற ஆளை வைத்தே டபுள் டூட்டி ஓட்டலாமா?

ஒரு நாள் ஓட்டலாம், இரண்டாவது நாளும் எப்படியோ ஓடும். மூன்றாவது நாள் கை தவறும்: கொதிக்கிற எண்ணெய், ஈரப் படிக்கட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது. அடிபடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958-லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பது அதன் கணக்கு. சீசனில் இதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். பார்க்காமல் விடுவதால்தான் சீசன் முடிகிறபோதே ஆள் பாதியாகத் தேய்ந்து, முதல் மழையிலேயே “ஊருக்குப் போறேன் சார்” என்று நிற்கிறார். பிரேக் ஷிஃப்ட் இன்னொரு தொல்லை. காலை ஆறு முதல் பதினொன்று, மறுபடி மாலை ஐந்து முதல் இரவு பதினொன்று என்று போட்டால் கணக்கில் பதினொரு மணி நேரம். ஆனால் அந்த ஆளின் முழு நாளும் ஹோட்டலிலேயே போய்விடுகிறது.

ரோடு அடைத்த நாளில் செய்யக்கூடியது வேலையைக் குறைப்பது. ஆட்கள் குறைந்தும் வேலை குறையாமல் இருந்தால் அதற்குப் பெயர் சமாளிப்பு இல்லை. மெனுவை ஐந்து ஐட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்: காலையில் உப்புமா அல்லது இட்லி, மதியம் சாம்பார் சாதம், ரசம், ஒரு பொரியல், இரவில் சப்பாத்தி குருமா. ரூம் சர்வீஸை நிறுத்தி எல்லோரையும் டைனிங் ஹாலுக்கு வரச் சொல்லலாம். விரிப்பு மாற்றுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கலாம். இதை விருந்தாளியிடம் மேனேஜரே போய்ச் சொல்ல வேண்டும், ரூம் பாயை விட்டுச் சொல்லவைக்கக் கூடாது. “ரோடு அடைச்சிருக்கு, எங்க பசங்களும் உங்கள மாதிரியே மாட்டிட்டு இருக்காங்க” என்று சொன்னால் தொண்ணூறு சதவீதம் பேர் கோபப்படுவதில்லை. சிலர் கிச்சனில் வந்து வெங்காயம் உரித்துத் தந்திருக்கிறார்கள்.

தூக்கத்துக்கு மட்டும் ஒரு விதி வையுங்கள்: எந்த நெருக்கடியிலும் ஒருவருக்குத் தொடர்ச்சியாக ஆறு மணி நேரமாவது படுக்கை. அந்த நேரத்தில் அவரை எழுப்பும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்டாஃப் ரூம் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? தங்க இடம் இலவசமாகத்தானே தருகிறோம்?

விருந்தாளிக்கு ஊட்டியின் 2,240 மீட்டர் உயரம் ஒரு அனுபவம். ஸ்டாஃப் ரூமில் படுப்பவருக்கு அது ஒவ்வொரு இரவும். பல இடங்களில் அந்த ரூம் பாய்லர் அறைக்குப் பின்னால் அல்லது மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஒரு கொட்டகை. மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை படர்ந்து கருத்திருக்கும். கொடியில் காயாத சீருடை தொங்கும், மறுநாள் காலை அதையே போட்டுக்கொண்டு போய் விருந்தாளியிடம் “குட் மார்னிங் சார்” சொல்ல வேண்டும். வெந்நீர் கீசர் நூறு ரூமுக்கு ஓடும், இந்த ஒரு ரூமுக்கு ஓடாது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடக்கும். அப்போது ஸ்டாஃப் ரூமில் பழைய எண்ணெய் டின்னில் அடுப்புக்கரியைப் போட்டு, கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டுப் படுப்பது மலையில் பழைய வழக்கம். கரி தணலாகி, புகை நின்றுவிட்டது என்று உள்ளே கொண்டுவருவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. புகை இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு அசதி. டபுள் டூட்டி பார்த்தவர் இதை வேலைக் களைப்பு என்றே நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். எழுந்திருக்க மாட்டார். அப்படி ஒருவரைக் கண்டால் முதலில் கதவைத் திறந்து வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், பிறகு 108. நீங்கள் உள்ளே நின்று எழுப்பிக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள்.

இதற்குத் தடை உத்தரவு எழுதி ஒட்டுவது மட்டும் போதாது. குளிருகிறவன் கரி மூட்டத்தான் செய்வான். ஆளுக்கு இரண்டு ரஜாய், ஒரு எண்ணெய் ஹீட்டர், சீருடை காயவைக்க பாய்லர் அறை ஓரத்தில் ஒரு கொடி கொடுத்தால் டின் தானாகக் காணாமல் போகும். ஒரு சூட் ரூமின் இரண்டு நாள் வாடகையில் முடிகிற செலவு இது.

ரூம் ஓடவில்லை. லீசுக்கு எடுத்து நடத்துகிறோம், வாடகையே கொடுக்க முடியவில்லை. சம்பளம் எங்கிருந்து தருவது?

மலையில் லாட்ஜ் நடத்துபவர்களில் நிறையப் பேர் கட்டட உரிமையாளர்கள் இல்லை, லீசுக்காரர்கள். அவர்களின் கஷ்டம் பொய்யில்லை. 2020-ல் கடன் வாங்கிச் சம்பளம் போட்டவர்களும் இருக்கிறார்கள், மார்ச் கடைசியில் போனை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

சட்டத்தின் நிலை விசித்திரமானது. எதிரே இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், வேலை தர முடியாத நாட்களுக்குத் தகுதியுள்ள தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் உண்டு. அந்த லே-ஆஃப் இழப்பீடு தோட்டம், தொழிற்சாலை, சுரங்கம் என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. லாட்ஜ் அதில் வராது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு இருக்கிற பாதுகாப்பு, இந்தப் பக்கம் ரூம் கூட்டுகிற அவர் மகளுக்கு இல்லை. அதனால் இங்கே சட்டத்தைவிட ஏற்பாடுதான் முக்கியம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 ரூம் இருக்கிற லாட்ஜ். ஏப்ரல், மே 61 நாளில் ரூம்கள் 80 சதவீதம் ஓடினால் 976 ரூம்-இரவு. ஒவ்வொன்றிலிருந்தும் 200 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டால் 1,95,200 ரூபாய். எட்டு ஊழியர்கள், தலைக்கு 15,000 ரூபாய் என்றால் ஒன்றரை மாதச் சம்பளம் கையில் இருக்கும். இதற்குக் கைவைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். செக்கில் முதலாளி கையெழுத்தோடு மூத்த ஊழியர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று வைத்துவிட்டால் கை நீளாது. மூத்த சமையல் மாஸ்டரிடம் “இந்தப் பணம் உங்களுடையது” என்று சொல்லிக் கையெழுத்து கேட்கும்போது அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

முழுச் சம்பளம் முடியாதென்றால் குறைத்துத் தருவதைப் பேசுங்கள். ஆனால் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: எவ்வளவு, எந்தத் தேதி, எதுவரை. குறைப்பு மேனேஜருக்கும் இருக்க வேண்டும், அவருக்கு அதிகமாகவே இருக்க வேண்டும். ஹோட்டல், உணவகங்களுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் இருக்கிறது. வேலை வாங்கும் நாளுக்கு அதற்குக் கீழே பேச்சே கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். “பத்தாம் தேதி மறுபடி உட்கார்ந்து பேசுவோம்” என்று ஒரு தேதியாவது கையில் இருந்தால் ஆள் அன்று இரவு தூங்குவார். “பார்க்கலாம் தம்பி” என்ற வார்த்தை ஒரு குடும்பத்தையே தூங்கவிடாது.

இஎஸ்ஐ, பி.எஃப். எல்லாம் நெருக்கடியில் உதவுமா? பிடித்தம்தான் தெரிகிறது, பலன் தெரியவில்லை.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். வேலை போனவர்களுக்கு இஎஸ்ஐ தரும் அடல் திட்டத்தில் உதவித்தொகையை 2020-ல் 50 சதவீதமாக உயர்த்தினார்கள், 90 நாள் வரை. பி.எஃப். 20 பேர் இருக்கும் இடத்துக்கு. 2020 மார்ச் கடைசியில் மூன்று மாத அடிப்படைச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அதைத் திருப்பிக் கட்ட வேண்டாத முன்பணமாக எடுக்க அனுமதித்தார்கள். யுஏஎன் என்ற பி.எஃப். கணக்கு எண்ணும் ஆதாரும் ஒழுங்காக இணைந்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தவர்கள் அலைந்தார்கள். ஆகவே ஊழியர்களே, உங்கள் யுஏஎன் எண்ணை மேனேஜரின் நோட்டில் விட்டுவைக்காதீர்கள், உங்கள் போனில் வையுங்கள். பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று ஆஃப் சீசனில் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான இடமா? அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவாவது செய்துகொள்ளுங்கள்.

வடமாநிலப் பையன்கள் நெருக்கடி வந்தால் முதலில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை நம்பலாமா?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: அவர்கள் உங்களை எதை வைத்து நம்புவது? அசாமிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து கிச்சனில் நிற்கிற பையனுக்கு, ஊரில் யாரோ அனுப்பும் வாட்ஸ்அப்தான் செய்தி. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, இங்கே ஒரு கல் விழாதிருந்தும் அவர்கள் வீட்டில் அம்மாக்கள் அழுதார்கள். எனக்குத் தெரிந்த ஒரு காட்டேஜில் மேனேஜர் செய்தது எளிய காரியம். பையனின் போனை வாங்கி வீடியோ காலில் அவன் அம்மாவுக்குக் கிச்சனைக் காட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் “ஆப்கா லட்கா டீக் ஹை, கானா காயா” (உங்கள் பையன் நன்றாக இருக்கிறான், சாப்பிட்டான்) என்றார். பையன் போகவில்லை.

மழை அறிவிப்பு தமிழில் மட்டும் வந்தால் அது அவர்களுக்குச் சத்தம். எந்த ரோடு அடைப்பு, எந்தப் பக்கம் போகக் கூடாது, யாரைக் கூப்பிடுவது என்பதை இந்தியில் வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள், படிக்கத் தெரியாதவரும் கேட்பார். ரேஷன் அட்டை எந்த மாநிலத்தில் இருந்தாலும் இங்கே பொருள் வாங்கலாம். 2020 அக்டோபரில் தமிழ்நாடு அந்த ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் சேர்ந்துவிட்டது, பலருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் போவேன் என்பவரைச் சம்பளப் பாக்கி வைத்துப் பிடித்துவைக்காதீர்கள். கணக்கை முடித்து அனுப்பினால் அடுத்த மார்ச்சில் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவார்.

இ-பாஸ் கிடைக்கவில்லை, ரோடு அடைப்பு என்று வருகிற விருந்தாளிகளின் கோபத்தை ரிசப்ஷனில் இருப்பவர் எப்படித் தாங்குவது?

தாங்க வேண்டிய அளவைக் குறைக்கலாம். ரிசப்ஷனில் நிற்பவரின் துன்பத்தில் பாதி, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாமல் பதில் மட்டும் சொல்ல வேண்டியிருப்பது. பணம் திருப்பித் தரலாமா, தேதி மாற்றலாமா என்பது முதலாளிக்கு மட்டும் தெரியும். வசவு மட்டும் 22 வயதுப் பெண்ணுக்கு. மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: அரசு ரோட்டை அடைத்தால் முழுப் பணம் அல்லது ஆறு மாதத்துக்குள் வேறு தேதி, இ-பாஸ் எடுக்காமல் வந்து திரும்பினால் இவ்வளவு பிடித்தம். குறிப்பிட்ட தொகை வரை அவரே முடிவு செய்யலாம் என்றும் எழுதுங்கள். கெட்ட வார்த்தை வந்த நொடியில் “மேனேஜர் பேசுவார் சார்” என்று நகர்ந்துவிட அனுமதி இருக்க வேண்டும். மேனேஜர் உண்மையிலேயே வர வேண்டும்.

அப்படி ஒரு சண்டை முடிந்ததும் அவரை உடனே அடுத்த செக்-இன் பார்க்கச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம், ஒரு டீ. நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தியது. ரிசப்ஷனில் ஒரு ஸ்டூல் போட்டால் விடுதியின் கௌரவம் குறைந்துவிடாது.

பெண் ஊழியர்களுக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

ஹவுஸ்கீப்பிங்கில் பெரும்பாலும் பக்கத்து ஊர் அக்காக்கள். சாயங்காலம் கடைசி பஸ்தான் அவர்களின் கடிகாரம். பனிமூட்டத்தில் பஸ் வராத நாளில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட நடைபாதையில் காட்டெருமை நிற்கும். “இன்னும் ரெண்டே ரூம்தான்” என்று ஆறரை வரை நிறுத்தினால் வண்டி வைத்து வீட்டு வாசலில் விடுவது உங்கள் பொறுப்பு. மாட்டிக்கொண்ட இரவில் தங்க நேர்ந்தால் உள்தாழ்ப்பாள் உள்ள தனி அறை.

கூட்டம் அடைந்து கிடக்கும் நாட்களில் விருந்தாளியின் கை நீள்வதும், சக ஊழியரின் கை நீள்வதும் நடக்கும். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவென்றால், அல்லது முதலாளி மேலேயே புகார் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். பெண்கள் உதவி எண் 181-லும் உதவி கேட்கலாம்.

குளிருக்குக் கொஞ்சம் குடிப்பது சகஜம்தானே?

சகஜம்தான், அதுதான் பிரச்சினை. மது உடம்பைச் சூடாக்குவதுபோல் தோன்றவைத்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும், தூக்கத்தையும் கெடுக்கும். ஆனால் குடிக்கிறவரை எல்லோர் முன்னாலும் திட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சம்பளம் வராத மாதத்தில் ஒருவர் அதிகமாகக் குடிக்கிறார் என்றால் குடிதான் காரணமா, சம்பளம்தான் காரணமா என்று முதலில் பாருங்கள். வண்டி ஓட்டுபவர், பாய்லர் பார்ப்பவர், இரவு வாட்ச்மேன் ஆகிய மூவருக்கு மட்டும் விதியில் தளர்வே கூடாது.

ஒருவர் உள்ளுக்குள் உடைந்துபோயிருக்கிறார் என்று எப்படித் தெரியும்? என்ன செய்வது?

பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சைக் குறைப்பார். சாப்பாட்டைத் தட்டில் அளைவார். ஊருக்குப் போன் பேசப் போனவர் வெளியே நீண்ட நேரம் நிற்பார். சிறு தவறுக்குப் பெரிதாக மன்னிப்புக் கேட்பார், அல்லது சின்ன விஷயத்துக்கு வெடிப்பார். தான் கடன் வாங்கியிருந்தவர்களிடம் திடீரென்று கணக்கு முடிப்பதும், வைத்திருந்த பொருளை அடுத்தவருக்குக் கொடுப்பதும் அபாய அறிகுறிகள்.

உளவியல் படித்திருக்கத் தேவையில்லை. நெருக்கடிக் கால முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது மூன்று: பார், கேள், இணை. முதலில் அவருக்கு என்ன அவசரத் தேவை என்று பாருங்கள். தனியாக உட்கார்ந்து கேளுங்கள், இடையில் புத்திமதி வேண்டாம், “எல்லாருக்கும்தான் கஷ்டம்” என்பது வேண்டவே வேண்டாம். பிறகு குடும்பத்தோடும் மருத்துவரோடும் இணைத்துவிடுங்கள். மண்சரிவையோ சாவையோ நேரில் பார்த்தவரைக் கூட்டமாக உட்காரவைத்து “என்ன பார்த்தாய், சொல்” என்று கிளறாதீர்கள். அது ஆற்றுவதைவிடப் புண்ணைக் கீறும்.

உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, நாள் முழுக்க இலவசம், தமிழிலும் இந்தியிலும் பேசலாம். தமிழக அரசின் 104-லும் மனநல ஆலோசனை உண்டு. இந்த எண்களை ஸ்டாஃப் மெஸ் சுவரில், கைகழுவும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். ஆபீஸ் ரூமில் ஒட்டினால் யாரும் அங்கே நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

மேனேஜரை யார் பார்ப்பது?

பெரும்பாலும் யாருமில்லை. மேலே முதலாளி “ஏன் ரூம் ஓடல” என்பார், கீழே ஊழியர் “சம்பளம் எப்ப” என்பார். நடுவில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: நெருக்கடி நாட்களில் பக்கத்து லாட்ஜ் மேனேஜரோடு தினமும் ஒருமுறை பேசுங்கள். போட்டியாளர் என்று பார்க்காதீர்கள். எந்த ரோடு திறந்திருக்கிறது, யாரிடம் பால் மிஞ்சியிருக்கிறது, யாரிடம் ஒரு சமையல்காரர் சும்மா இருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். தனியாக ஹோம்ஸ்டே நடத்தும் பெண்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

எல்லாம் செய்தும் ஆளைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால்?

நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். யாரைக் குறைக்கிறீர்கள், எதன் அடிப்படையில் என்பதைச் சொல்லுங்கள். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் என்பது வழக்கமான முறை. அந்த முறையை மீறினால் காரணம் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு. சம்பளப் பாக்கி, மே 1-ல் வேலை பார்த்ததற்கான இரட்டைச் சம்பளம் தராமல் விட்டிருந்தால் அது, டிப்ஸ் பெட்டியில் அவர் பங்கு என எல்லாவற்றையும் அன்றே கொடுங்கள். சர்டிஃபிகேட்டை நிறுத்திவைக்காதீர்கள். அனுபவச் சான்றிதழை, தேதியும் வேலையும் சரியாக எழுதி, சீல் வைத்துக் கையில் கொடுங்கள். குடும்பத்தோடு ஸ்டாஃப் ரூமில் இருப்பவர் என்றால் மழை விட்டு ரோடு திறக்கும் வரை ரூமைக் காலி செய்யச் சொல்லாதீர்கள்.

சீசன் வரும்போது முதல் போன் அவர்களுக்குத்தான் என்று ஒரு நோட்டில் பெயரும் எண்ணும் எழுதிவையுங்கள். 2021 கடைசியில் கூட்டம் திரும்பியபோது, அந்த நோட்டு இல்லாதவர்கள்தான் பரோட்டா மாஸ்டர் கிடைக்காமல் மேட்டுப்பாளையம் வரை இறங்கித் தேடினார்கள்.